மெழுகு உடையாத டப்பா

பையைத் திறந்ததும் முதலில் வந்தது மூக்குப்பொடி வாசனை. அதற்குப் பின்னால் கெட்டுப்போன கருப்பட்டியின் புளிப்பு. காக்கி கான்வாஸ் பை. தோள்வாரில் இரண்டு இடத்தில் தையல். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை மண்டபத்தில் ஏலம் விட்டபோது நாம் இருவரும் சேர்ந்து எடுத்தது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது உன் மனைவி அதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் பொதுப் பையாமே. பரண்லேயே கெடந்துச்சு. அவுக யாரையும் தொட விடல," என்றார்கள் மதினி.

வாங்கிக்கொண்டேன். அந்தப் பை ரயிலில் தொலைந்துபோனதாக நீ என்னிடம் சொல்லிப் பல வருஷம் ஆகிறது என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

நாம் வேறு வேறு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியவர்கள். ராமநாதபுரத்தில் ஒரே தெருவில் இருந்தோம்; போகிற இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. ராமேஸ்வரம் தீவுக்குப் போனால் திரும்பி வருவதற்கு ரயில்தான் வழி. காற்று மிஞ்சினால் பாலத்தில் வண்டியை விடமாட்டார்கள். போகிறவன் வீடு திரும்ப எத்தனை நாளாகும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கும் தெரியாது. அதற்காகத்தான் அந்தப் பை. ஐப்பசி பிறக்கும் முன் உன் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துச் சாமான்களைப் பரப்புவாய். அவல், கருப்பட்டி, கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டை, டார்ச், சணல் கயிறு, பேனாக்கத்தி, கட்டுப்போடக் கிழித்துவைத்த பழைய வேட்டி. கடைசியாக உன் காலி மூக்குப்பொடி டப்பா. அதற்குள் தீக்குச்சிகளையும் உரசுகிற பட்டையையும் போட்டு மூடி, மூடியைச் சுற்றி மெழுகை உருக்கி ஊற்றுவாய். மெழுகு இறுகும் முன் கட்டைவிரலை அழுத்தி வைப்பாய்.

"பத்திர ஆபீஸ்ல கைநாட்டு வைக்கிறியா?" என்று கேட்டேன் ஒருமுறை.

"ஆமா மாப்ளே. நாளைக்கு நீ என்னோடது இல்லைன்னு சொல்லிட்டா?"

பையைத் தூக்குகிறவன் பின்னால் வர வேண்டும் என்று விதி போட்டதும் நீதான். "முன்னாடி போறவன் திரும்பிப் பாத்தா பையும் தெரியணும், ஆளும் தெரியணும்," என்பாய். சேற்றிலும் மணலிலும் எத்தனையோ தடவை நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன். நீ வந்துகொண்டிருப்பாய். பொடி போட்ட மூக்கைத் துடைத்தபடி, "என்னலே, பயமா?" என்பாய்.

அந்த ஐப்பசியில் முதல் காற்று அடித்து ஓய்ந்திருந்தது. தீவின் தென்கோடியில், மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம், மீன்பிடிக்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்த குடியிருப்பில் வள்ளங்கள் உடைந்துபோனதைப் பார்க்கப் போனோம். பாம்பனில் புயல் கூண்டு இன்னும் இறங்கவில்லை. போகலாமா என்று நான் கேட்டேன். பை இருக்கிறதே என்றாய். முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒரு வள்ளத்தின் பிளந்த அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது திருக்கை மீனின் முள் என் குதிகாலுக்கு மேலே ஏறியது. அந்த வலியைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் வார்த்தை சரியாக அமையவில்லை. தொடை இடுக்கில் நெறி கட்டிவிட்டது. நீதான் என்னைத் தூக்கிக் கரையில் போட்டாய். அதை நான் மறக்கவில்லை.

தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஸ்டேஷன் மணலில் நடந்து போகிற தூரம்தான். என்னால் காலை ஊன்ற முடியவில்லை.

"மாப்ளே, நீ இங்கன கெட. நான் ஸ்டேஷனுக்குப் போயி தண்டவாள டிராலிக்குச் சொல்லி ஆளக் கூட்டியாறேன். இருட்டுறதுக்குள்ள வந்துருவேன்," என்றாய்.

பை உன் தோளில் இருந்தது. நீ நடந்து போவதைப் படுத்தபடியே பார்த்தேன். முதல் தடவையாகப் பை எனக்கு முன்னால் போனது. ஸ்டேஷனில் வைக்கப் போகிறாய் என்று நினைத்தேனா, ஒன்றும் நினைக்கவில்லையா, இப்போது தெரியவில்லை.

காற்று திரும்பி வந்தது. ஓலைக் கூரைகள் போய்விட்டன. ஓடு வேய்ந்த மாதா கோயிலுக்குள் எல்லோரும் ஒதுங்கினோம். கடல் தண்ணீர் அங்கேயும் இடுப்பளவு ஏறி வடிந்தது. வடிந்தபின் அந்தக் குடியிருப்பில் நெருப்பு என்று ஒன்று இல்லை. அடுப்பு, விளக்கு, தீப்பெட்டி எல்லாம் நனைந்துவிட்டன. என் காலைப் பார்த்துக்கொண்டது அந்தோணியம்மா என்கிற பெண். திருக்கை குத்தினால் பொறுக்கிற சூட்டில் வெந்நீருக்குள் காலை வைத்திருக்க வேண்டும், விஷம் இறங்கும் என்றார். சட்டி இருந்தது. தண்ணீர் இருந்தது.

"ஒத்தக் குச்சி போதும் தம்பி. மீனெண்ணெய ஊத்தி ஈர வெறகையும் எரிய வச்சிருவேன்."

"பையில இருக்கு. மெழுகு போட்டு வச்சிருக்கோம். அவன் கொண்டாருவான்."

மறுநாளும் அதையே சொன்னேன். "ஒங்க கூட்டாளி மாநாட்டுக்குப் போயிட்டாராக்கும்," என்றார் அவர். பிறகு கேலி செய்வதை விட்டுவிட்டார். அது எனக்குக் கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது. கால் கறுத்து ஊதிக்கொண்டே வந்தது. காய்ச்சல். இரவும் பகலும் காதைத் தீட்டிக்கொண்டு டிராலிச் சத்தத்துக்காகக் கிடந்தேன். காற்று விட்ட பிறகு அந்த ஊர் ஆண்கள்தான் உருப்படியாக இருந்த ஒரே வள்ளத்தில் என்னைப் படுக்கவைத்து மண்டபம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த ஊர் இப்போது இல்லை. பின்னால் வந்த பெரும்புயல் கொண்டுபோய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அழுகிய சதையை வெட்டி எடுத்துவிட்டார்கள். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னதிலிருந்துதான் எனக்கு எல்லாம் தெரியவந்தது. அன்றைக்குப் பாலம் தாண்டிய கடைசி வண்டியில் நீ வந்துவிட்டாய். செய்தியை அனுப்பினாய். நேரே என் வீட்டுக்குப் போனாய்.

"'தங்கச்சி, கவலப்படாத. லேசா முள்ளு குத்தியிருக்கு. பைய அவன்கிட்டயே விட்டுட்டுத்தான் வந்தேன், ஒரு வாரத்துக்குத் தாங்கும்'னு அண்ணந்தான் சொன்னாக. பைதான் இருக்கேன்னு நானும் நிம்மதியா இருந்துட்டேன்," என்றாள்.

அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், என் மச்சான், மண்டபத்தில் ரயில்பாதை வேலைக்காரர்களுக்கு மேஸ்திரி. ரயில் போகாவிட்டாலும் காற்று தணிந்த நேரத்தில் டிராலியைத் தள்ளிக்கொண்டு பாலத்தைத் தாண்டியிருப்பார். கேட்டால் போயிருப்பார். பை இருக்கிறது என்று நீ சொன்னதால் யாரும் அவரைக் கேட்கவில்லை.

நீ வண்டி ஏறியதற்கு நான் கோபப்படவில்லை. வண்டி கிளம்பும்போது இருட்டுகிற வானத்தைப் பார்த்தால் யாருக்கும் கால் தானாக ஏறும். பையை ஸ்டேஷனிலேயே பாயிண்ட்ஸ்மேனிடம் கொடுத்திருக்கலாம். அவன் அந்தக் குடியிருப்புக்குப் பெண் கொடுத்தவன், கொண்டுவந்து சேர்த்திருப்பான். அதுவும் தோன்றவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். என் வீட்டு வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னாயே. அது தோன்றித்தானே சொன்னது?

நடக்க ஆரம்பித்ததும் கோர்ட் பக்கத்து டீக்கடையில் உன்னைக் கேட்டேன்.

"பை எங்கடா?"

"வண்டியில விட்டுட்டேன் மாப்ளே. எறங்குற அவசரத்துல." டீயை ஆற்றிக்கொண்டே என் காலைப் பார்த்தாய். "கால் இருக்குல்ல? பெறகென்ன?"

சிரித்தாய். கடைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகும் பேசினோம். கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் போய்வந்தோம். சேர்ந்து வெளியூர் மட்டும் போகவில்லை. நீ கூப்பிடவுமில்லை.

இன்று காலை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தேன். அவல் மாவாகியிருந்தது. டார்ச்சுக்குள் பேட்டரி பொங்கிப் பச்சை பூத்திருந்தது. வேட்டித் துணி மடித்தபடியே இருந்தது. அடியில் டப்பா. மெழுகு மஞ்சளாகிவிட்டது, கீறல்கூட இல்லை. உன் கட்டைவிரல் ரேகை தெளிவாக இருந்தது. நீ அதைத் திறக்கவே இல்லை. உனக்குத் தேவைப்படவில்லை. திருப்பிக் கொடுத்திருந்தால் இந்த மெழுகை நான் பார்த்திருப்பேன். அதனால்தான் பரணுக்குப் போனது என்று நினைக்கிறேன். எறிந்துவிடவும் உனக்கு மனம் வரவில்லை. எதற்காக என்று கேட்க வழி இல்லாமல் போய்விட்டாய்.

மன்னித்துவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுதலாம். படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். பார்க்காததை எழுதக்கூடாது என்பது நம் இருவருக்கும் தொழில். எனக்குள் அதை நான் இன்னும் பார்க்கவில்லை.

பேனாக்கத்தியால் மெழுகைக் கீறினேன். உன் விரல் பதிந்த இடம் இரண்டாக உடைந்தது. முதல் குச்சியை உரசியதும் மருந்து உதிர்ந்துவிட்டது. இரண்டாவது பற்றியது.

அணைவதற்குள் அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியில் தண்ணீர் வைத்தேன்.

"இந்நேரத்துல எதுக்கு வெந்நீர்?" என்று என் மனைவி கேட்டாள்.

"காலுக்கு."

அவள் டப்பாவைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். அப்புறம் பலகையை எடுத்துப் போட்டாள். பொறுக்கிற சூட்டில், தண்ணீர் ஆறுகிறவரை காலை உள்ளே வைத்திருந்தேன்.

மிச்சக் குச்சிகளைத் திரும்ப டப்பாவில் போட்டுப் புது மெழுகு ஊற்றிவிட்டேன். மேலே விரல் வைக்கவில்லை. ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. புது அவல் வாங்க வேண்டும். இப்போதெல்லாம் யாரோடு போனாலும், எந்தப் பையானாலும் நான்தான் தூக்குகிறேன், பின்னால்தான் நடக்கிறேன். இந்தக் காலோடு எப்படியும் பின்னால்தான் நடக்க முடியும்.