கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது

வில்லாபுரம், மதுரை
12-7-81, ஞாயிறு

அன்பு மகள் சோலைக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி மருது மூன்று பேரும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுத இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. அந்த நாக்பூர் மழையில் நனையாமல், ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி என்று வயிற்றைக் காயப்போடாமல் நீ நல்லபடியாக இருக்க மீனாட்சி துணை இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை உன் கடிதம் கிடைத்தது. குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றபடியே படித்தேன். படித்து முடித்த ஆத்திரத்தில் முன்னால் நின்ற ராக்கம்மாளோடு சண்டைக்குப் போய்விட்டேன், பாவம் அவள் ஒரு குடம்தான் கூடப் பிடித்தாள். என்னடி எழுதியிருக்கிறாய் நீ? அப்பா விசாரித்தார், அப்பா கேட்டார் என்று நான் எழுதுவதெல்லாம் நானே சேர்த்துக்கொள்வது என்று உனக்குத் தெரியுமாம், அப்பா கையால் ஒரு வரி வந்தால்தான் மருது கல்யாணத்துக்கு வருவாயாம், இல்லையென்றால் அங்கிருந்தே வாழ்த்துத் தந்தி கொடுத்துவிடுவாயாம். கூடப் பிறந்தவன் கல்யாணத்துக்குத் தந்தியா? தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தால் நான் அதை வாங்கி எங்கே வைப்பது, மணவறையிலா? திட்ட வேண்டும் என்றுதான் தாளை எடுத்தேன். ஆனால் நீ எழுதியது உண்மை. மூன்று வருஷமாக உன் அப்பா உன்னை ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை. எல்லாம் நான் எழுதிய பொய். அந்தப் பக்கமும் இதே வேலைதான் செய்தேன், சோலை உங்களை விசாரித்து எழுதியிருக்கிறாள் என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் ஆறும் என்று நினைத்துச் செய்தது. ஒரு பக்கமும் ஆறவில்லை, என்னை நம்பாமல் போனதுதான் மிச்சம். எதனால் இப்படி ஆயிற்று என்று போன மாதக் கடைசியில்தான் எனக்கே தெரிந்தது. முழுக்க எழுதுகிறேன், பாதியில் கோபப்பட்டுக் கிழித்துப் போடாமல் கடைசி வரைக்கும் படி.

மருதுவுக்கு எழுமலைச் சுருளி அண்ணன் மகள் தங்கப்பொண்ணைப் பேசியிருப்பதுதான் உனக்குத் தெரியுமே. போன மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணன் நாள் குறிக்க வந்தார். வாசல் பக்கத்து பெஞ்சில் உன் அப்பாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், நான் அடுப்பங்கரையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணத்த எழுமலையிலயே வச்சுக்கிருவமா மாப்ள, இல்ல மதுரையில மண்டபம் பாக்கணுமா என்று அவர் கேட்கிறார். உன் அப்பா தெருவைப் பார்த்தபடி இருக்கிறார். இரண்டாவது தடவை கேட்டார், மூன்றாவது தடவையும் கேட்டார். இவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருக்கிறார். சுருளி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து, ஏந்தங்கச்சி, நான் என்ன நாயா பேயா, பதில் சொல்லக்கூடவா வாய் வராது, இம்புட்டு மரியாத இருக்கிற வீட்டுக்கு எம்மக வேணாம் என்று சொல்லிவிட்டு, கொண்டு வந்த வெற்றிலை பாக்குப் பையையும் எடுத்துக்கொண்டு விறுவிறு என்று போய்விட்டார். நான் காப்பியோடு வெளியே வந்தால் உன் அப்பா திரும்பிப் பார்த்து, எங்க சுருளிய, காப்பி குடிக்காம எங்க போனாரு என்கிறார்! எனக்கு வந்ததே கோபம். வாய்க்கு வந்தபடி பேசினேன், பக்கத்து வீட்டில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் பேயாண்டி வந்தார், மில்லில் அப்பாவுக்கு அடுத்த தறியில் நிற்கிறவர், நீ சின்னப் பிள்ளையில் கடலை மிட்டாய் வாங்கித் தருவாரே அவர்தான். நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, உங்களுக்கு நெசமாவே தெரியாதா மதினி, அண்ணனுக்குக் காது போயி அஞ்சாறு வருசமாச்சு, பக்கத்துல வந்து கத்துனா என்னமோ கொஞ்சம் விழும், தறிச் சத்தத்துல எங்க யாருக்குத்தான் காது ஒழுங்கா இருக்கு, அங்க வாயப் பாத்துக் கையக் காட்டித்தான் பேச்சே, அண்ணன் அதுல கெட்டிக்காரரு, முன்னால நின்னு பேசுனா ஒண்ணு விடமாட்டாரு என்றார். நான் நம்பவில்லை. இருபத்தெட்டு வருஷம் கூட இருக்கிற எனக்குத் தெரியாதது இவருக்கு என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டேன். பிறகு கையில் இருந்த சொம்பைத் தரையில் போட்டேன். தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து பார்த்தது, இவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் யோசித்துப் பார்க்கப் பார்க்க எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது சோலை. கரண்டு போனால் எரிந்து விழுவாரே, விளக்கேத்து விளக்கேத்து என்று வீட்டையே ரெண்டாக்குவாரே, அது திமிர் என்று நினைத்தேன். இருட்டில் யார் வாயையும் பார்க்க முடியாது, அதுதான் காரணம். ரேடியோவைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்துவிட்டு, குறைக்கச் சொன்னால் முறைப்பாரே, அதையும் திமிர் என்றுதான் நினைத்தேன். விசேஷ வீட்டில் யார் வணக்கம் சொன்னாலும் கண்டுகொள்ள மாட்டார் என்று எம்புட்டுப் பேர் என்னிடம் குறை சொல்லியிருக்கிறார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து என் புருஷன் அப்படித்தான் என்று பேசியிருக்கிறேன். ஒரு நாளாவது ஏன் இப்படி என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டேனா? இல்லை. நீ கேட்டாயா? நீயும் இல்லை. அவரும்தான் சொன்னாரா? வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்ட மாதிரி இருந்துவிட்டார். நல்ல குடும்பமடி நம்முடையது.

இப்போது அந்த நாளை நினைத்துப் பார். நாக்பூர் வேலைக்கு ஆர்டர் வந்து, சின்னான் மாமா உன்னை மெட்ராஸ் வரைக்கும் கூட்டிப்போக வந்திருந்த நாள். அப்பா பகல் ஷிப்டுக்குக் கிளம்பச் சாப்பிட உட்கார்ந்தார், தெருவைப் பார்த்து, நம் பக்கம் முதுகைக் காட்டி. நீ அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்று, அப்பா நான் போகட்டுமா என்று கேட்டாய். மூன்று தடவை கேட்டாய், மூன்றாவது தடவை உன் குரல் உடைந்துபோனது எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் தோசைக் கரண்டியோடு நின்றேன். அவர் சாப்பிட்டு, கை கழுவி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே போனாய். அவருக்குச் சம்மதமில்லை, பேசாமல் இருந்தே கொன்றுவிட்டார் என்று நீ நினைத்தாய், நானும் நினைத்தேன். வாயைத் திறந்தால் இருக்கிற உறவும் போய்விடும் என்று பயந்து அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை நான் பேசவில்லை. இதில் எனக்கு எது தாங்கவில்லை தெரியுமா? உன்னைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியது நான்தான். வயசுக்கு வந்த பிள்ளை அப்பனுக்கு முன்னால் போய் நின்று மூஞ்சியைப் பார்த்துப் பேசக் கூடாது, எதுவானாலும் கதவுக்குப் பின்னால் நின்று கேள் என்று உன் பன்னிரண்டு வயசிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தது நான். மரியாதை என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொண்டுபோய் உன்னை நிறுத்தியிருக்கிறேன்.

சொம்பு போட்ட அன்றைக்கே அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன், கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. எத்தனை வருஷமாக என்று கேட்டேன். முதலில் முறைத்தார், பிறகு கண் கலங்கிவிட்டது. செவிடன்னு தெரிஞ்சா தறியில நிக்க விடுவானா, மில்லப் பெருக்க விடுவான், எம்பிள்ளைக கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன் என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது, கட்டினவளிடம் சொன்னால் மில்லுக்குப் போய் நானா சொல்லப்போகிறேன்? அதோடு உன் பேச்சை எடுத்தேன். உடனே முகம் மாறிவிட்டது. அவ எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமப் போனவதான, ஆர்டர் வந்ததுன்னு மருது சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஒரு வாரமா வந்து கேப்பா கேப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தேன், கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன் என்றார். நான் வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக, கேட்டாள், கேட்டுவிட்டுத்தான் போனாள் என்று சொன்னேன். எத்தன தடவ என்று கேட்டார். மூன்று விரலைக் காட்டினேன். எங்க நின்னு என்றார். கதவைக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்துபோய்க் காலண்டருக்குப் பின்னால் நான் சொருகி வைத்திருந்த உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வந்து என் மடியில் போட்டு, நான் எல்லாத்தயும் எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டேன், விசாரிச்சா விசாரிச்சான்னு நீ சொன்னியே, ஒண்ணுலயும் எம்பேரு இல்லையே என்றார். அன்றிலிருந்து இடத்தை மாற்றிக்கொண்டார், தெருவுக்கு முதுகைக் கொடுத்து அடுப்பங்கரைக் கதவைப் பார்த்தபடிதான் சாப்பிட உட்காருகிறார்.

சுருளி அண்ணன் விஷயத்தைக் கேள். செவிட்டுச் சம்பந்தின்னு பேரு வாங்கித் தரப் போறியா, சொல்லாதே என்று உன் அப்பா ஒற்றைக்காலில் நின்றார். சொல்லாமல் இருந்து நாம் கண்ட சுகம் போதும் என்று சொல்லிவிட்டு, பேயாண்டியையும் கூட்டிக்கொண்டு உசிலம்பட்டி பஸ் ஏறிவிட்டேன். எழுமலையில் போய் உள்ளது உள்ளபடி சொன்னேன். அண்ணனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. போன புதன்கிழமை அவரே வந்தார், நாற்காலியை இழுத்து உன் அப்பாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, காது கேக்கலேன்னா சொல்லித் தொலைய வேண்டியதுதான மாப்ள, நான் கல்யாணத்தையே நிறுத்தப் பாத்தேனே என்று இவர் தொடையில் ஒரு அடி போட்டார். இவர் சிரித்தார். இவர் சிரித்து நான் பார்த்து எத்தனை நாள் ஆகிறது தெரியுமா? ஆவணி இருபத்தைந்து வியாழக்கிழமை, எழுமலையில், பெண் வீட்டு வாசலில் கல்யாணம்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. நீ ஆஸ்பத்திரியில் பாஷை தெரியாத நோயாளியிடம்கூடக் கையைக் காட்டிக் காட்டிக் கேட்டு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவேன் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பொறுமையில் கொஞ்சம் பெற்ற அப்பனுக்கும் வைத்திருக்கலாம். உன்னை மட்டும் சொல்லவில்லை, என்னையும் சேர்த்துத்தான் வைகிறேன். அப்பா உன்னைக் கல்யாணத்துக்கு வரச் சொன்னார் என்று நான் எழுதமாட்டேன், ஏனென்றால் அவர் வாயால் இன்னும் சொல்லவில்லை. இனிமேல் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் சொல்கிற வேலையை நான் விட்டுவிட்டேன். எனக்கு அலுத்துவிட்டது. உனக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை அவர் பேருக்கே எழுது, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது. நேரில் வந்தால் வெளிச்சத்தில் முன்னால் வந்து நின்று, தலையை நிமிர்த்தி, அவர் முகத்தைப் பார்த்துப் பேசு. மரியாதை கெட்டுப்போகாது, கெட்டால் அதற்கு நான் பொறுப்பு.

பெரியாஸ்பத்திரியில் காட்டலாம் என்றால் வரமாட்டேன் என்கிறார். காதில் வைக்கிற மெஷின் ஒன்று இருக்கிறதாமே, அது இந்த மாதிரி காதுக்குப் பிரயோஜனப்படுமா என்று அங்கே டாக்டரிடம் கேட்டு எழுத மறந்துவிடாதே. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்து வை, கடைசி நேரத்தில் இல்லை என்பார்கள். மழையில் தலையை ஈரத்தோடு கட்டாதே. கருப்பசாமி புண்ணியத்தில் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி இரு மகளே.

இந்தத் தாளில் கீழே பாதி இடம் விட்டிருக்கிறேன். மருதுவின் பென்சிலைக் கொடுத்து உன் அப்பா முன்னால் வைத்துவிட்டு நான் குழாயடிக்குப் போகிறேன். எழுதுவாரா, என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவும் மாட்டேன், அவரே ஒட்டித் தபாலில் போட்டுக்கொள்ளட்டும். வெறும் தாளாக வந்தால் வெறும் தாள்தான், அதையும் நான் நிரப்பி அனுப்பினேன் என்று இருக்க வேண்டாம்.

உன் அம்மா,
த. அழகம்மாள்

சோலைக்கு அப்பா. நீ அன்னைக்கு மூணு தடவை கேட்டியாம். என் காதில் விழவில்லை. போயிட்டு வா தாயி.

தவசி