பங்கு போட்ட மாத்திரை

அண்ணே,

காலையில் நர்சம்மா என் உள்ளங்கையில் மாத்திரைகளைக் கொட்டினார். அந்த நெடி மூக்கில் ஏறியதுமே உன் ஞாபகம் வந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

உன் மாத்திரையும் இப்படித்தான் நாறும். காசநோய்க்கு என்று குன்னூர் ஆஸ்பத்திரியில் வாங்கிவந்து அரிசி டப்பா மேல் வைத்திருப்பாய். அப்போதுதான் பக்கத்து வீட்டு ராசு இருமத் தொடங்கினான். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், தேயிலை எஸ்டேட்டில் வேலை போய்விடும் என்று பயந்தான். நம் லயத்து வரிசை வீடுகளில் உப்பானாலும் விறகானாலும் பங்கு போட்டுத்தானே பழக்கம்? நீ மாத்திரையையும் பங்கு போட்டாய். உனக்குப் பாதி, அவனுக்குப் பாதி. நான் கத்தினேன்.

"ஒருத்தன் இருமிக்கிட்டு நிக்கையில நான் மட்டும் முழுங்குறதா? போ புள்ள" என்றாய்.

இரண்டு பேருக்கும் இருமல் அடங்கியது. பெரிய வள்ளல் போலத் திரிந்தாய். பனிக்காலத்தில் அது திரும்பி வந்தபோது பழைய மாத்திரை எதற்கும் கேட்கவில்லை. குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒற்றை அறையில் நீ இருமினாய், நான் கஞ்சி காய்ச்சினேன். ராசு முதலில் போனான். பின்னாலேயே நீயும் போனாய்.

இப்போது எனக்கு.

"அரைகுறையா மருந்து எடுத்தவங்களுக்கும், அவங்ககூட ஒரே ஊட்டுல இருந்தவங்களுக்கும்தாங்க மருந்துக்கு அடங்காத இந்தக் காசநோய் ஜாஸ்தியா வருது" என்றார் டாக்டர். நீ அரைகுறை, நான் ஒரே வீடு. மாத்திரையால் என் தோல் கறுத்துவிட்டது, பாதம் மரத்துக் கிடக்கிறது. கொழுந்துக் கூடையைத் தொட்டு மாசக்கணக்காகிறது. லயத்தில் இன்னும் உன்னைத் தங்கமான மனுசன் என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்று மாத்திரை என் கையிலிருக்க, நர்சம்மா வாசலில் நின்றிருக்கும்போதே ராசுவின் பெண்டாட்டி செல்வி இருமிக்கொண்டு வந்தாள். காதருகே குனிந்து, "அக்கா, எனக்கு ரெண்டு குடேன். உங்க அண்ணன் குடுத்தாருல்ல" என்றாள்.

அவள் கண்ணெதிரே அத்தனை மாத்திரையையும் விழுங்கினேன். பிறகு எங்கள் இருவர் வாயையும் துணியால் கட்டி, கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். வழியெல்லாம் ஏசினாள். "உங்க அண்ணன் மாதிரி இல்ல நீ" என்றாள்.

இல்லைதான். எனக்கென்று நீ விட்டுப்போனது இந்த நோய் ஒன்றுதான், அண்ணே. இதில் நான் யாருக்கும் பங்கு தரமாட்டேன்.