வீட்டுக்கார அம்மாள் எழுதிய ஒரு சொல்

அன்புச் சிட்டுவுக்கு, அப்பா ஆசிகளோடு எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். நீயும் சுகம் என்பதை இந்தத் தடவை நீ சொல்லி அல்ல, நீ குடியிருக்கிற வீட்டுக்கார அம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

ஆமாம், நாங்கள் அனுப்பிய பார்சலில் முகவரியைப் பார்த்து அவர் கடிதம் போட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை கடையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது வந்தது, எல்லாம் இங்கிலீஷ். முதல் வரியிலேயே 'கேதர்' என்று ஒரு சொல். எனக்குத் தெரிந்த சொல்தான், பாவாடை இடுப்பில் சுருக்கு வைப்பதற்கு எங்கள் தொழிலில் சொல்வது. ஆனால் 'நான் சுருக்கு வைக்கிறேன், அவள் உங்களிடம் சொல்லவில்லை' என்று அந்த அம்மாள் எதற்கு எழுத வேண்டும்? அகராதியைப் புரட்டினால் ஒன்றுசேர், கூட்டம் கூடு என்று போட்டிருக்கிறது. கடிதத்தில் கீழே ஆபரேஷன், ஆஸ்பத்திரி என்று வேறு. கூட்டம் கூடுகிற அளவுக்கு என்ன ஆயிற்றோ என்று உடனே உன்னைக் கூப்பிட்டேன். உன் போன் அணைந்து கிடந்தது. கடையைப் பாதியில் பூட்டிவிட்டு உன் மாமாவின் ஆபீசுக்கு ஓடினேன்.

அவன் படித்துவிட்டு, "பொண்ணு நல்லா இருக்கா மச்சான், முதல்ல தண்ணி குடிங்க" என்றான். "யாரும் கூடலை. நாலு விஷயத்தைச் சேர்த்துப் பார்த்து நாமளா புரிஞ்சுக்கறதுக்கும் இதே சொல்லுதான். ஆபரேஷன் நடந்ததை அவ உங்ககிட்ட சொல்லலைன்னு தெரியுதுன்னு எழுதியிருக்காங்க. குடல்வாலாம், முடிஞ்சு பத்து நாளாச்சாம்."

எங்களோடு போனில் பேசும்போது மட்டும் நீ எழுந்து நிமிர்ந்து உட்காருவாயாம், வைத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பாயாம். நம் மொழியில் ஒரு வார்த்தை தெரியாத அவர் அதைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார், தினமும் உன் குரலைக் கேட்ட எங்களுக்குத் தெரியவில்லை. படி ஏறவிடாமல் தன் கீழறையை உனக்குக் கொடுத்து, வேளை தவறாமல் மருந்து எடுத்துக் கொடுத்தாராமே. அம்மா அழுது ஓய்ந்துவிட்டு, அந்தப் புண்ணியவதி கைக்கு ஒரு நோவும் வரக் கூடாது என்றாள். உன்மேல் கோபமில்லை. நாங்கள் பயப்படுவோம் என்றுதானே மறைத்தாய், ஆனால் பயப்படுவது பெற்றவர்களின் உரிமை, அதைப் பிடுங்கிக்கொள்ளாதே அம்மா.

நன்றி சொல்லி அவருக்கு எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்தாயிற்று. எனக்கு வந்தது தையல்தான். அவருடைய தோள், மார்பு, கை நீளம் எல்லாம் அளவெடுத்து அனுப்பு, குளிருக்கு ஒரு மேலங்கி தைத்துத் தருகிறேன். கனம் தூக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. நோய்நொடி அண்டாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். மறந்துவிடாதே, அளக்கும்போது அவரை நிற்கச் சொல், நீ குனியாதே. உன் தையல் இன்னும் பச்சையாக இருக்கும்.

உன் அப்பா