ஒப்பிட எடுத்த ரத்தம்

அம்மாவுக்கு மூத்தவள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை மிச்சம் பிடிக்கப் பாதியாக உடைக்காதே.

இங்கே எங்கள் ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட, நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும். அதற்கு எங்களில் ஒருவர் கையை நீட்டுவோம். போன வாரம் என் முறை.

மற்ற மரபணுக்களை வாசிப்பதைத் தொடங்கிவைக்கும் ஒரு புரதம் உண்டு. அதை உண்டாக்கும் மரபணுவில் ஓரிடத்தில் ஒரே மாதிரியான மூன்றெழுத்துகள் அடுக்கடுக்காக வரும். நாற்பது தடவை வரை பரவாயில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு. "மிஷின்ல ஏதோ கோளாறு, மறுபடி ஓட்டிப் பாரும்மா" என்றார் மேலாளர். மூன்று தடவை ஓட்டினேன். மிஷினுக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது ஒப்பிடுவது பக்கத்து மேஜைக்காரியின் ரத்தத்தோடு. அவ்வளவுதான், நீ பயப்படாதே.

அந்த எண் கூடினால் நடை தள்ளாடும், நாக்குக் குழறும். பார்ப்பவர்களுக்குக் குடித்த மாதிரியே இருக்கும். "சத்தியமா நான் தொட்டதே இல்லடி" என்று அப்பா அழுதபோது நாம் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். கடைசியில் அவர் சட்டைப் பொத்தானைக்கூட நீதான் திட்டிக்கொண்டே போட்டுவிட்டாய்.

தம்பியை எனக்குப் போன் பண்ணச் சொல். ஊசி என்றால் நடுங்குவான், நானே பக்குவமாகச் சொல்கிறேன். எனக்குத் தைக்கும் சட்டைகளில் பொத்தான் வேண்டாம், தலைவழியே போடுகிற மாதிரி இருக்கட்டும். இங்கே குளிரில் விரல் சொன்னபடி கேட்பதில்லை.

நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. அப்பா படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கூடத்தில் மாட்டிவிடு அம்மா.

உன் மூத்தவள்