என்னைச் சுற்றி முப்பது அடி

செப்டம்பர் 6, 1887, செவ்வாய்

மில்லுக்குப் போகிறவர்களை எழுப்பத் தெருவில் வரும் நீராவி வண்டியின் பித்தளைக் கை ஜன்னலைத் தட்டுவதற்கு முன்பே இன்றும் விழித்துவிட்டேன். பதினோரு நாளாக இப்படித்தான். கஞ்சி பாதிக்கு மேல் இறங்கவில்லை.

மில்லில் பக்கத்துத் தறிகளிலிருந்து சில்லா உதட்டாலேயே சொன்னாள்: "பதிவுத்துறைக்காரங்க திங்கக்கிழமை வர்றாங்களாம்."

முந்நூறு தறி ஓடும் கூடத்தில் காது எதற்கும் ஆகாது. இந்த ஊரில் நெசவுக்குப் போகிற பெண்கள் எல்லோரும் வாயைப் பெரிதாக அசைத்து, புருவத்தையும் சேர்த்துப் பேசுவோம். நாற்பது அடி தள்ளி நிற்பவள் ஒரு சொல் விடாமல் படித்துவிடுவாள்.

"எதுக்கு வர்றாங்க?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"வார் அறுந்த கதை அவங்க காதுக்குப் போயிருக்கு. காது கேக்குது பாரு அவங்களுக்கு, கொடுத்து வச்சவங்க."

போன மாதம் இயந்திர வார் அறுந்து என் தலையை உரசிப் போனது. அந்த நொடி என்னைச் சுற்றி முப்பது அடிக்குச் சத்தம் செத்துப்போனது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஓசை மட்டும் இல்லை. எண்ணிப் பத்து மூச்சு. பக்கத்தில் இருந்தவர்கள் காதைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள். யாரால் என்று சில்லாவுக்கு மட்டும் தெரியும். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

எனக்கு எட்டு வயதிலிருந்தே இது உண்டு. பயந்தால் வரும். நானாக வரவழைக்க முடியாது, நிறுத்தவும் முடியாது.

செப்டம்பர் 8, வியாழன்

வாசகசாலையில் கலங்கரை விளக்கங்களைப் பற்றிய புத்தகத்தை எடுத்துவைத்து ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தேன். பக்கத்து மேஜையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். வான்கப்பல்களின் இயந்திரச் சத்தம் ஐந்து மைல் தள்ளியே எதிரிக்குக் கேட்டுவிடுகிறதாம். சத்தம் இல்லாத ஒரு கப்பல் கிடைத்தால் போதும், போரே முடிந்துவிடும் என்றார் ஒருவர். மற்றவர், "முடியறது யாருக்கு?" என்றார்.

கொல்லர் சைலஸ் பழுக்கக் காய்ந்த இரும்பை வெறுங்கையால் பிடிப்பார். இப்படி ஏதாவது சக்தி உள்ளவர்களுக்குப் பதிவுத்துறை வைத்த பெயர் 'கைபட்டவர்'. அவரையும் அப்படிப் பதிவேட்டில் எழுதி, கப்பல் கொதிகலனுக்குக் கொண்டுபோய் ஆறு வருடம் ஆகிறது. அவர் மனைவிக்கு வரும் கடிதங்களில் பாதி வரி கறுப்பு மை. கைபட்டவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

நான் போனால் அப்பாவுக்கு யார்? முப்பது வருடத் தறிச் சத்தம் அவர் காதை முழுதாகத் தின்றுவிட்டது.

செப்டம்பர் 10, சனி

சில்லாவின் யோசனை: என்னைப் பயமுறுத்திப் பயமுறுத்திப் பழக்கிவிடுவது. அரை நாள் வேலை முடிந்து அவள் வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வாணலியைக் கரண்டியால் அடித்தாள். அடித்தது கேட்கவே இல்லை. அவள் கைக்குழந்தை ஹெப்சிக்கு மட்டும் ஏக சந்தோஷம், வாய் திறந்து சிரித்தது. அதுவும் கேட்கவில்லை.

சத்தம் திரும்பியதும் சில்லா சொன்னாள்: "உன்ன மாதிரி ஒருத்தி எங்க மாமியாருக்குப் பக்கத்துல உக்காந்திருந்தா என் கல்யாண வாழ்க்கையே வேற மாதிரி போயிருக்கும் புள்ள."

சிரித்தேன். பிறகு அழுதேன். பதிவுத்துறையின் சோதனை அறையில் நாற்காலிக்குப் பின்னால் நீராவிச் சங்கை ஊதுவார்களாம். பித்தளை உருளையில் ஒரு முள் சத்தத்தைக் கோடாக வரையும். முள் படுத்துவிட்டால் முடிந்தது.

"மனசுக்குள்ள ஒரு பாட்டப் பாடு," என்றாள். "சங்கு எப்ப ஊதுவான்னு காத்துக்கிட்டு இருக்காத."

காத்திருப்பதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்?

செப்டம்பர் 12, திங்கள்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நகர மண்டபத்தில் எங்களை இரண்டு சுவர் ஓரமாகவும் பெஞ்சுகளில் உட்காரவைத்தார்கள். பேசக்கூடாது என்று உத்தரவு. அதிகாரி பெல்லிங்காம், மெலிந்த மனிதர், நல்ல குரல். அவருடைய உதவியாளர் மிஸ் ஆர்மராட் வாசலருகில் பின்னல் வேலையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் ஊசிகளை நான் கவனித்தேன். பின்னலைக் குனிந்தே பார்க்கவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். சங்கு ஊதும்போதெல்லாம் நான் பெஞ்சை இறுக்கிப் பிடித்தேன். எனக்கு முன்னால் மூன்று பேர். இரண்டு பேர். எதிர்ச் சுவரிலிருந்து சில்லா என் முகத்தைப் பார்த்தாள். வாயை அசைத்தாள் — வழக்கம்போலப் பெரிதாக, தறிக்கூடத்தில் அசைப்பது போல:

"பயப்படாத. பயந்தாத்தான் சத்தம் சாகும். வார் அறுந்த அன்னைக்கு மாதிரி ஆயிடப்போவுது. மூச்ச விடு."

ஐயோ சில்லா. எங்களுக்கு ரகசியம் பேசவே தெரியாது. ஒரு சத்தமும் வராவிட்டால் ரகசியம் என்று நினைத்துக்கொள்கிறோம். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பேசுகிறோம், கோவிலில், சாவு வீட்டில், எங்கேயும்.

ஊசிகள் நின்றன. மிஸ் ஆர்மராட் எழுந்தாள். அவளும் ஏதோ ஒரு நெசவு ஊர்க்காரி. சில்லா சொன்னதை அப்படியே, ஒரு சொல் மாறாமல் பெல்லிங்காமிடம் ஒப்பித்தாள்.

"யாரிடம் சொன்னாய்?" என்றார் அவர்.

சில்லா ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. "எங்கிட்ட நானேதான் சொல்லிக்கிட்டேன் ஐயா. தனியா பேசிக்கிற பழக்கம். வீட்டுல யாரும் நான் சொல்றத கேக்கறதில்ல பாருங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள், ஏதோ நூல் கண்டு பிடிக்கப் போகிறவள் போல. "ஆமா. நாந்தான். கூட்டிட்டுப் போங்க."

தேடி வந்தது கிடைத்துவிட்டது என்று மீதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். என்னைச் சோதிக்கவே இல்லை.

நான் எழுந்து வீட்டுக்கு வந்தேன். வாயைத் திறக்கல. எழுதறதுக்கே வெக்கமா இருக்கு. எழுந்து நடந்து வீட்டுக்கு வந்து அப்பாவுக்குத் தேநீர் போட்டுக் குடுத்தேன்.

செப்டம்பர் 13, செவ்வாய்

சனிக்கிழமை மதியம் வான்கப்பல் வந்து அவளை ஏற்றிக்கொள்ளும். அதுவரை மண்டபத்து மாடி அறை.

சோதித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று விட்டுவிடமாட்டார்களா? வாசகசாலைப் பலகையில் சட்டத்தை ஒட்டியிருக்கிறார்கள், போய்ப் படித்தேன். தானே ஒப்புக்கொண்டவருக்கு ஒரு வருடம் பயிற்சி, அதன் பிறகுதான் முடிவு.

ஒரு வருடம். ஹெப்சிக்கு இன்னும் பால்குடி மறக்கவில்லை.

செப்டம்பர் 14, புதன்

இன்றும் போய்ச் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, வியாழன்

சில்லாவின் தறிகளில் புதிதாக ஒருத்தி. யாரும் அவளிடம் உதடு அசைக்கவில்லை. என்னிடமும்தான். எல்லோருக்கும் தெரிந்துவிட்டதா? நானாக நினைத்துக்கொள்கிறேனா?

அப்பாவிடம் சொல்லவும் முடியாது. என் உதட்டைப் படித்துவிடுவார், ஆனால் பதிலைத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவார். அவர் குரல் அவருக்கே கேட்காது.

செப்டம்பர் 16, வெள்ளி

எஸ்ரா வந்தார், சில்லாவின் கணவர். கொதிகலன் அறையில் கரி தள்ளுகிறவர். முகமெல்லாம் கரி, கையில் குழந்தை.

"கொஞ்சம் வச்சிருக்கியா கண்ணு? ஷிஃப்டுக்குப் போவணும். பால் பாட்டில எடுக்க மாட்டேங்குது, நாலு நாளா கத்திக்கிட்டே இருக்குது."

அவர் போனதும் குழந்தை அழ ஆரம்பித்தது. நான் மடியில் வைத்து ஆட்டினேன். இது சில்லா குழந்தை, என்னால் அழுகிறது என்று நினைத்தேன். உடனே சத்தம் போய்விட்டது.

வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. முகம் சிவந்து, தொண்டை துடிக்கிறது. ஒரு ஓசையும் இல்லை. குழந்தை ஒரு நொடி நிறுத்தியது. தான் அழுதது தனக்கே கேட்காமல் திகைத்தது போல என்னைப் பார்த்தது. பிறகு இன்னும் பலமாக அழுதது. அடுத்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கண்ணை மூடினால் அழுகிறதா என்றே தெரியாது, அதனால் மூடவும் முடியவில்லை.

செப்டம்பர் 17, சனி, காலை பத்து மணி

அப்பாவிடம் சொன்னேன். சொல்லத் தொடங்கும்போதே மௌனம் வந்துவிட்டது. எதிர் வீட்டுச் சேவல் கூரைமேல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அப்பா வழக்கம்போல நரம்பு புடைக்கக் கத்தினார். தெருவில் ஒருத்தருக்கும் கேட்டிருக்காது.

அவர் உதட்டில் நான் படித்தது: "தெரியும்டி. உங்கம்மாவ அடக்கம் பண்ணின அன்னைக்குப் பாதிரியார் வாய் அசையுது, ஆனா கூட்டத்துல எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கறாங்க. இவங்களுக்கும் என்ன மாதிரி ஆயிடுச்சான்னு நெனச்சேன். அப்புறம் உன்னப் பாத்தேன்."

"ஏம்ப்பா கேக்கல?"

"நீ சொல்லல."

என் துணிப்பையை அவரே எடுத்துக் கொடுத்தார். கம்பளிக் காலுறைகளைக் கணப்பில் காய வைத்து, சூடாகவே மடித்து உள்ளே வைத்தார்.

கப்பல் வந்துவிட்டது. தரை அதிர்கிறது. போகிறேன்.

செப்டம்பர் 24, சனி. வான்கப்பல் துறை

நாட்குறிப்பைத் திருப்பித் தந்துவிட்டார்கள். யாரோ படித்திருக்கிறார்கள், ஓரத்தில் விரல் மை. இனி இதில் இருப்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அன்றைக்கு நடந்தது: மண்டபத்துக்குள் நுழைந்தபோதே எல்லாம் நின்றுவிட்டது. வெளியே கப்பலின் இரைச்சல், கூட்டம், என் மரச்செருப்புச் சத்தம், எதுவும் இல்லை. பெல்லிங்காம் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "நான்தான், அவள் இல்லை" என்றேன். என் காதுக்கே வரவில்லை. மறுபடி சொன்னேன். கத்தினேன். அவர் காதில் விரல் விட்டுக் குடைந்துகொண்டிருந்தார்.

அப்போது மிஸ் ஆர்மராட் என் உதட்டைப் பார்த்தாள். ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டினாள்.

அவளை விட்டுவிட்டார்கள்; படிக்கட்டில் சில்லா என்னைக் கடந்து போனாள். நின்று, தறிக்கூடத்து வாயால், "முட்டாள் கழுத, முட்டாள் கழுத" என்றாள். அழுதுகொண்டே. பிறகு ஓடினாள். பால் கட்டி மேல்சட்டை முழுக்க நனைந்திருந்தது.

அக்டோபர் 1, சனி

தினமும் சோதனை. முதல் நாள் சங்கு ஊதியபோது உருளையில் முள் அசையாமல் கோடு போட்டது. துள்ளிக் குதித்தார்கள். தேநீரோடு கேக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் பாதி. நான்காம் நாள் சங்கு முழுதாகக் கேட்டது. அசிங்கமான சத்தம்.

அக்டோபர் 5, புதன்

இன்று துப்பாக்கி. காதருகில். காது வலிக்கிறது. வேறொன்றும் ஆகவில்லை.

அக்டோபர் 9, ஞாயிறு

வேண்டுமென்றே செய்கிறேன் என்று பெல்லிங்காம் நினைக்கிறார். கப்பல் விளிம்பில், கீழே கடல் தெரிய, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் காற்றின் ஊளை தெளிவாகக் கேட்டது.

மருத்துவர் கேட்டார்: "உண்மையாகச் சொல்லு, உனக்குப் பயமே இல்லையா?"

"உடம்புக்கு இருக்கு ஐயா," என்றேன். அதற்கு மேல் எனக்கே விளங்கவில்லை.

இப்போது யோசிக்கிறேன். எட்டு வயதிலிருந்து எனக்கு இருந்தது ஒரே பயம்தான் — தெரிந்துவிடும், இங்கே கொண்டுவந்துவிடுவார்கள். வாரும் வாணலியும் சங்கும் அதன் கதவைத் தட்டியவை மட்டும். இப்போது தெரிந்துவிட்டது. இங்கே வந்துவிட்டேன். உள்ளே யாரும் இல்லை.

ஆனால் பயம் வரவில்லையே என்று கவலையாக இருக்கிறது. ஏமாற்றுகிறேன் என்று முடிவு கட்டினால் சிறை. சில்லாவை மறுபடி பிடிப்பார்களா? எழுதும்போதே காதைத் தீட்டிப் பார்த்துக்கொள்கிறேன். கடிகாரம் ஓடுகிறது. பக்கத்துப் படுக்கைக்காரி குறட்டை விடுகிறாள். மத்தியான வேளையில் இப்படியா?

அக்டோபர் 15, சனி

பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே "இருந்தது, தீர்ந்தது" என்று எழுதி முத்திரை குத்தினார்கள். பெல்லிங்காம் என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்திட்டார். "வீணாய்ப் போன நான்கு வாரம்," என்றார்.

ரயிலுக்குச் சீட்டு கொடுத்தார்கள்.

அக்டோபர் 18, செவ்வாய்

தறிகள் திரும்பக் கிடைத்தன. நான்குக்கு இரண்டுதான் இப்போதைக்கு. சில்லா இன்னும் கோபமாக இருக்கிறாள். "ஒரு வருஷம் சும்மா உக்காந்து சாப்பிட்டிருப்பேன், கெடுத்துட்டே," என்கிறாள். வீட்டிலிருந்து இறைச்சி அடை கொண்டுவந்து என் தறிமேல் வைத்துவிட்டுப் போகிறாள்.

போய்விட்டதா, ஒளிந்திருக்கிறதா? தெரியவில்லை. அப்பா இரண்டு நாள் இருமினார். மருத்துவரைக் கூப்பிடப் போகும் வழியில் சந்தில் தேவாலய மணி ஒரு தடவை குறைவாக அடித்தது போலிருந்தது. நான் சரியாக எண்ணாமலும் இருந்திருக்கலாம்.

அக்டோபர் 29, சனி

வாசகசாலையில் சனிக்கிழமை மாலைகளில் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பது வழக்கம். வழக்கமாகப் படிப்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "யாராவது?" என்று கேட்டார்கள். ஐம்பது பேர் இருந்தார்கள். எழுந்தது நான்தான் என்று நின்ற பிறகுதான் தெரிந்தது.

கம்பளி விலை, ஒரு பாலத் திறப்பு, வான்கப்பல் படையைப் பற்றி இரண்டு பத்தி. எதையும் விடாமல் படித்தேன். மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது பின்வரிசைப் பெரியவர் ஒருவர் கை தூக்கினார்.

"கொஞ்சம் சத்தத்தக் கொறச்சுப் படி கண்ணு. நாங்க மில்லுக்குள்ள இல்ல."