வடிகட்டிய தண்ணீர்

புனே, செவ்வாய்க்கிழமை.

அம்மாவுக்கு ஜினப்பிரியாவின் வணக்கம். நைனாவுக்கு முட்டிவலி குறைந்ததா?

நாங்கள் செய்யும் வீடியோ கேமில் ஒரு பட்டனைத் தட்டினால் மந்திர மருந்து தயார். எனக்கு எரிச்சலாக வந்தது. தொண்டூர்க் கிணற்றடியில் நம் சமண வழக்கப்படி நீ தண்ணீரை வடிகட்டி, துணியை அதே கிணற்றில் அலசிவிடுவதை நினைத்துக்கொண்டு மீட்டிங்கில் சொன்னேன்: "குளத்துத் தண்ணியைத் துணியில வடிகட்டித்தான் மருந்து காய்ச்சணும். துணியில தங்கின சின்னச் சின்ன உயிருங்களைத் திரும்ப அதே குளத்துல விடணும். விடலன்னா அடுத்த மருந்து பலிக்கக் கூடாது."

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். "நீயும் தண்ணியை இப்படி வடிகட்டித்தான் குடிக்கிறியா?"

"ஆமா சார்" என்றேன். பொய்யம்மா, இங்கே கேன் தண்ணீரை அப்படியேதான் குடிக்கிறேன். அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. என் யோசனையை கேமில் சேர்ப்பதா என்று வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்கள்.

உன் பழைய பருத்திப் புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்: கேன் தண்ணீரை வடிகட்டினால், துணியை எந்தக் கிணற்றில் அலசுவது?

ஜினப்பிரியா