எட்டாவது குறிப்பு

அண்ணாச்சி,

இன்று காலை ஆய்விதழ் ஒன்றிலிருந்து மதிப்பிடச் சொல்லி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயரை மறைத்திருந்தார்கள். படிவத்தில் இருந்த 'யாரென்று தெரிகிறதா' என்ற கேள்விக்கு, தெரியும் என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். உடனே உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது.

ஒரே வேளாண் கல்லூரியில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். உங்கள் கட்டுரை இரண்டு இதழ்களிலிருந்து திரும்பி வந்தது. "ஊர் பேரு கோவில்பட்டின்னு இருந்தாலே மேல படிக்க மாட்டாவ தங்கச்சி," என்றீர்கள். மூன்றாவதாக, பெயரை மறைத்துப் பார்க்கும் இதழுக்கு அனுப்பினீர்கள். அது என்னிடமே வந்து சேர்ந்தது. மழையை மட்டும் நம்பிய மானாவாரி நிலத்தில் சோளத்தோடு உளுந்து கலந்து விதைத்த சோதனை. ஆங்கிலக் கட்டுரையில் 'புரட்டாசி விதைப்பு' என்று மாதத்தைத் தமிழிலேயே எழுத உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? உங்கள் பதவி உயர்வு அதை நம்பித்தான் இருந்தது.

நான் 'தெரியாது' என்று குறித்தேன். வேறொருவர் கைக்குப் போனால் மானாவாரி என்றதுமே ஓரங்கட்டிவிடுவார் என்று பயம். எழுத உட்கார்ந்ததும் வேண்டியவருக்குச் சலுகை காட்டிவிடுவேனோ என்று இன்னொரு பயம். கலப்புப் பாத்திகள் எல்லாம் ஈரம் தங்கும் பள்ளத்திலும் தனிச்சோளம் மேட்டிலும் இருந்தது உண்மையான குறை, எழுதினேன். மண் எடுத்தது கோடை உழவுக்கு முன்பா பின்பா என்று கேட்டேன். இப்படி ஏழு குறிப்புகள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சலுகை காட்டவில்லை என்று காட்டும் வேகத்தில், எட்டாவது குறிப்பாக, 'கட்டுரையாளர் ஒருமுறையாவது வயலில் இறங்கிப் பார்ப்பது நல்லது' என்றும் எழுதினேன். இடைசெவல் வயலின் கரிசல் மண் அப்பிய செருப்போடு வகுப்புக்கு வந்த மனிதரைப் பார்த்து.

மதிப்பீடு உங்கள் கைக்கு வந்த அன்று நீங்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. மறுநாள், "பள்ளம் மேடு சொன்னது சரிதான். இன்னொரு வெள்ளாமை பாத்துருவோம்," என்றீர்கள். பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. புதுச் சோதனையில் விளைச்சல் வித்தியாசம் பாதியாகக் குறைந்தாலும் கட்டுரை ஏற்கப்பட்டது.

அச்சான பிரதியோடு வந்து கேன்டீனில் காபி வாங்கித் தந்தீர்கள்.

"கோடை உழவப் பத்தி அசலூர்க்காரன் கேக்க மாட்டான்," என்றீர்கள்.

நான் காபியை ஆற்ற ஆரம்பித்தேன்.

"குறிப்பு எழுதுன அவியளப் பாத்தா சொல்லு தங்கச்சி. ஏழு குறிப்பு சரி. எட்டாவது கொழுப்பு."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

இப்போதும் மதிப்பீடு எழுதி முடித்ததும் கடைசிக் குறிப்பை மட்டும் மறுபடி படித்துப் பார்க்கிறேன், அண்ணாச்சி. பெரும்பாலும் அடித்துவிடுகிறேன்.